மூன்றடியில் நழுவிய கோப்பை!

கோல்ப் பந்தைக் குழியில் தள்ளுவது எப்படி?

1970-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊர். பச்சைப் பசேல் என்று ஒரு புல்வெளி. சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள். ஒரு சத்தம் இல்லை.

நடுவில் ஒரு மனிதர் குனிந்து நிற்கிறார். அவர் பெயர் டக் சாண்டர்ஸ். அமெரிக்கர். கையில் ஒரு மட்டை. காலடியில் ஒரு வெள்ளைப் பந்து. எதிரே ஒரு சிறிய குழி. பந்துக்கும் குழிக்கும் இடையே சுமார் மூன்றடி தூரம்.

பந்து குழியில் விழுந்தால் பிரிட்டிஷ் ஓபன் கோப்பை அவருக்கு! கோல்ப் உலகத்தில் அதைவிடப் பழைய கோப்பை கிடையாது.

மூன்றடி என்றால் எவ்வளவு? நம் வீட்டு வாசற்படியின் நீளம். குழந்தைகூடத் தள்ளிவிடும் என்று தோன்றுகிறது அல்லவா?

சாண்டர்ஸ் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். அப்போது பந்து போகும் வழியில் ஏதோ பழுப்பு நிறத்தில் கிடப்பது போல அவர் கண்ணுக்குப் பட்டது. கால்களை நகர்த்தாமலே குனிந்து அதை எடுக்கப் போனார். நிமிர்ந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை. அப்படியே தட்டிவிட்டார்.

பந்து குழியின் வலது பக்கமாக ஓடிப்போய் நின்றது!

ஜாக் நிக்லஸ் என்ற இன்னொரு அமெரிக்கரும் அவரும் சமம் ஆனார்கள். மறுநாள் இருவருக்கும் மட்டும் தனிப் போட்டி நடந்தது. நிக்லஸ் 72 அடி. சாண்டர்ஸ் 73 அடி. ஒரே ஒரு அடியில் கோப்பை போய்விட்டது.

சாண்டர்ஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. ஜார்ஜியா மாகாணத்தில் சிறுவயதில் பருத்தி பறித்தவர். பிறகு கோல்ப் மைதானத்தில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்தார். இந்த வேலை செய்பவர்களுக்குக் "கேடி" என்று பெயர். (நம் ஊர்ப் போலீஸ் கேடி வேறு!) பின்னால் அமெரிக்காவில் 20 பெரிய பந்தயங்களில் ஜெயித்தார். மயில் மாதிரி கலர் கலராக உடுத்துவார். ஆனால் உலகத்தின் நான்கு பெரிய கோப்பைகளில் ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. 2020-ம் ஆண்டு அவர் காலமானபோதும் பத்திரிகைகள் அந்த மூன்றடியைத்தான் எழுதின.

இது என்ன ஆட்டம்?

கோல்ப் மைதானத்தை நேரில் பார்க்காத வாசகர்கள்தான் அதிகம். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனவர்கள் தூரத்தில் நின்று பார்த்திருக்கலாம்.

ஆட்டம் ரொம்ப எளிது. மைதானத்தில் 18 குழிகள். பந்தை மட்டையால் அடித்து, ஒவ்வொரு குழியிலும் போட வேண்டும். யார் குறைந்த அடிகளில் போடுகிறாரோ அவருக்கு வெற்றி. ஒரு குழிக்கு 100 கஜம் போக வேண்டியிருக்கும். இன்னொரு குழிக்கு 500 கஜம் போக வேண்டியிருக்கும்.

குழியைச் சுற்றி மட்டும் புல்லை ஒட்ட வெட்டி, ஜமக்காளம் விரித்தது போல வைத்திருப்பார்கள். அந்த இடத்துக்குக் "கிரீன்" என்று பெயர். பந்து அங்கே வந்து சேர்ந்ததும் ஆட்டக்காரர் பெரிய மட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு சின்ன மட்டையை எடுக்கிறார். அதன் பெயர் பட்டர். ரொட்டிக்குத் தடவுகிற பட்டரும் அல்ல. பெருமாள் கோவில் பட்டரும் அல்ல! பந்தை உருட்டித் தள்ளுவதற்கென்றே செய்த மட்டை.

விசித்திரம் இதில்தான் இருக்கிறது. பலம் கொண்ட மட்டும் வீசி 300 கஜம் அடித்தாலும் கணக்கில் ஒன்று. பட்டரால் மூன்று அங்குலம் தள்ளினாலும் கணக்கில் ஒன்று!

ஒரு குழிக்கு இரண்டு தள்ளு என்று கணக்கிட்டுத்தான் மைதானங்களை அமைக்கிறார்கள். 18 குழிகளுக்கு 36 தள்ளு. நன்றாக ஆடுகிறவர் மொத்தம் 72 அடிகளில் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்பது பெரும்பாலான மைதானங்களில் கணக்கு. ஆக, பாதி ஆட்டம் பட்டரில் நடக்கிறது.

சாம்பியன்களும் தவறுகிறார்கள்

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கச் சாம்பியன்கள் அடித்த லட்சக்கணக்கான அடிகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார். மூன்றடி தூரத்தில் இருந்து தள்ளினால் 100-க்கு 96 பந்துகள் விழுகின்றன. எட்டு அடி போனால் பாதிக்குப் பாதிதான். 20 அடி என்றால் 100-க்கு 15!

உலகத்திலேயே கெட்டிக்காரர்களின் லட்சணம் இது. நாமோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர். 20 அடியில் இருந்து பந்து விழவில்லை என்று பல்லைக் கடித்துக்கொள்வதில் என்ன நியாயம்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாம்பியனுக்கும் சாம்பியனுக்கும் உள்ள வித்தியாசம் பட்டரைவிடத் தூர அடிகளில்தான் அதிகம் என்றும் அதே பேராசிரியர் கண்டிருக்கிறார். பட்டர் மட்டும் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் தூர அடிக்குத் தோள்பலம் வேண்டும், இடுப்பு வேகம் வேண்டும். பட்டருக்கு அது ஒன்றும் தேவை இல்லை. 60 வயது தாத்தாவும் 10 வயதுப் பேத்தியும் சமமாக நின்று ஆடக்கூடிய ஒரே இடம் கிரீன்தான்.

குழி சுருங்கும் மாயம்

குழியின் அகலம் நாலேகால் அங்குலம். 1891-ல் இருந்து அதுதான் சட்டம். பந்தின் அகலம் 1.68 அங்குலம். அதாவது, இரண்டரைப் பந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். தாராளமான குழிதான்!

ஆனால் அந்தக் குழி எல்லாப் பந்துக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை.

சிறுவயதில் கோலி ஆடியவர்களுக்கு இது தெரியும். மெதுவாக உருண்டு வருகிற கோலி குழியின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே சரிந்துவிடும். விறைப்பாகச் சுண்டிய கோலி குழியின் மேலேயே தாண்டிப் போய்விடும். கோல்ப் பந்தும் அப்படியே. வேகமாக வருகிற பந்து நட்டநடுவில் வந்தால்தான் விழும். கொஞ்சம் ஓரமாக வந்தால் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே ஓடும். வேகம் கூடக் கூட, குழி சுருங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மிக மெதுவாகத் தள்ளலாமா? அதிலும் ஆபத்து. குழிக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றாலும் நின்றதுதான்.

டேவ் பெல்ஸ் என்ற அமெரிக்கர் விஞ்ஞானி. விண்வெளி ஆராய்ச்சி நடத்தும் நாசாவில் வேலை பார்த்தவர். ராக்கெட்டை விட்டுவிட்டுக் கோல்ப் பந்தின் பின்னால் போனார்! ஆயிரக்கணக்கான பந்துகளை உருட்டி உருட்டிப் பார்த்தார். குழியில் விழாமல் தப்பினால், குழியைத் தாண்டி 17 அங்குலம் போய் நிற்கிற வேகம்தான் சிறந்த வேகம் என்று முடிவு செய்தார்.

ஏன் 17 அங்குலம்? காரணம் வேடிக்கையானது. கிரீனில் நாள் முழுவதும் பலர் நடக்கிறார்கள். குழியில் இருந்து பந்தை எடுக்கக் குனிகிறவர்கள் குழிக்கு ஓர் அடி தள்ளித்தான் கால் வைப்பார்கள். அதனால் குழியை ஒட்டிய வளையம் மட்டும் மிதிபடாமல் லேசாக மேடாக இருக்கும். அதைச் சுற்றிக் காலடித் தடங்கள். உயிர் போகிற வேகத்தில் வரும் பந்து அந்தத் தடங்களில் தடுமாறி, மேட்டில் ஏற முடியாமல் திசை மாறும். கொஞ்சம் தெம்போடு வருகிற பந்து தாண்டி வந்துவிடும்.

ஆகவே, திசையை விட வேகம் முக்கியம். புதிதாகப் பழகுகிறவர்கள் திசையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். 30 அடி தூரத்தில் இருந்து தள்ளும்போது திசை தவறிப் பந்து பக்கவாட்டில் ஆறடி விலகுவது அபூர்வம். வேகம் தவறி ஆறடி முன்னால் நிற்பதும், ஆறடி தாண்டி ஓடுவதும் தினசரிக் காட்சி.

தூரத்தில் இருந்து தள்ளும்போது குழியை மறந்துவிடுங்கள். குழியைச் சுற்றிப் பெரிய அண்டாவின் வாய் அளவுக்கு ஒரு வட்டம் இருப்பதாக நினைத்து, அதற்குள் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அடுத்த தள்ளில் முடித்துவிடலாம்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

கிரீன் பார்ப்பதற்குச் சமதளம் போலத் தெரியும். நம்பாதீர்கள்! மேடும் சரிவும் ஒளிந்திருக்கும்.

ஒரு சுலபமான வழி உண்டு. இங்கே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பந்தும் அந்தப் பக்கம்தான் வளையும். பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பிறகு தாழ்வான பக்கம் போய் நின்று ஒருமுறை பாருங்கள். சரிவு அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

பந்து புறப்படும்போது வேகமாக இருப்பதால் அதிகம் வளையாது. ஓய்ந்து போகும்போதுதான் வளையும். ஆகவே, குழியை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று அடிச் சரிவை உற்றுப் பார்க்க வேண்டும். புதிய ஆட்டக்காரர்கள் வளைவைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். அதனால் அவர்கள் பந்து எப்போதும் குழியின் தாழ்ந்த பக்கமாகவே நழுவிப் போகிறது. நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மேட்டுப் பக்கம் குறி வையுங்கள்.

புல்லையும் பார்க்க வேண்டும். வெப்பமான ஊர்களின் கிரீன்களில் பெரும்பாலும் பெர்முடா புல் வளர்க்கிறார்கள். அது என்ன சீமைச் சரக்கு என்று கேட்கிறீர்களா? பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அருகம்புல், அதன் இனம்தான்! அதைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். அந்தப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படரும். நீங்கள் நிற்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால், அது உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால், உங்களைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. பந்து தயங்கும், சற்று அழுத்தித் தள்ள வேண்டும். பனி ஈரம் காயாத காலை வேளையிலும் அப்படியே.

ஊஞ்சலைப் போல

மட்டையை எப்படிப் பிடிப்பது? கைக்குழந்தையின் விரலைப் பிடிப்பது போல! இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைக்கும். பந்து துள்ளும்.

கண் பந்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: குனிந்து நின்றபடி இடது கண்ணுக்கு நேராக இன்னொரு பந்தைக் கீழே விடுங்கள். அது தரையில் உள்ள பந்தின் மேல் விழுந்தால் சரி. (இடது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கண்.)

பிறகு தோள்களை அசையுங்கள். கையால் அடிக்க வேண்டாம். தோளும் கையும் மட்டையும் ஒன்றாகச் சேர்ந்து ஊஞ்சல் ஆடுவது போல முன்னும் பின்னும் போகட்டும். ஊஞ்சலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டால் கொஞ்ச தூரம் போகும். நிறைய இழுத்துவிட்டால் நிறைய போகும். மட்டையும் அப்படித்தான். தூரத்துக்குத் தகுந்தபடி பின்னால் எடுத்துப் போங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள்.

பந்தைத் தள்ளியதும் தலையைத் தூக்கிப் பார்க்கத் துடிக்கும். கூடாது! தலை தூக்கினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் மட்டை திரும்பும். கிட்டத்தில் இருந்து தள்ளும்போது பந்து விழுவதைக் காதால் கேளுங்கள். "டொக்" என்ற சத்தம் வந்த பிறகு நிமிரலாம்.

தயாராகி நின்ற பிறகு ஒரு காகம் கத்தினாலும், சாண்டர்ஸ் கண்ட மாதிரி ஒரு துரும்பு கண்ணில் பட்டாலும், விலகி வந்துவிடுங்கள். மறுபடி முதலிலிருந்து நின்று தொடங்குங்கள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வீட்டுக்குள் பயிற்சி

இதற்கு மைதானம் வேண்டியதில்லை. கூடத்தில் ஜமக்காளத்தைச் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, மூன்றடி தூரத்தில் இருந்து அதற்குள் பந்தைத் தள்ளுங்கள். டம்ளரின் வாய் கோல்ப் குழியைவிடச் சிறியது. அதில் பழகிய கண்ணுக்கு மைதானத்துக் குழி அண்டா மாதிரி தெரியும்.

பில் மிக்கல்சன் என்ற அமெரிக்கச் சாம்பியனின் பயிற்சி பிரசித்தமானது. குழியைச் சுற்றி மூன்றடி தள்ளி வட்டமாகப் பந்துகளை வைப்பார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே சுற்றி வருவார். விடாமல் 100 விழ வேண்டும். 99-வது தவறினால் மறுபடி ஒன்று! நமக்கு 10 போதும். எட்டாவது, ஒன்பதாவது பந்தில் கை லேசாக நடுங்குகிறதா? அந்த நடுக்கத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி.

புல் வெட்டுகிறவர் மகன்

"பணக்காரர்கள் ஆட்டம்! நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மட்டை விலையும் கிளப் சந்தாவும் சாமானியருக்கு எட்டாதவைதான்.

ஆனால் கல்கத்தாவில் சௌராசியாவின் கதையைக் கேளுங்கள். 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப்பில் அவருடைய தகப்பனார் புல்வெளியைப் பராமரிக்கும் ஊழியர். மகன் அந்த மைதானத்திலேயே வளர்ந்தார். சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். உயரமும் இல்லை, நெடுந்தூரம் அடிக்கிற பலமும் இல்லை. கிரீனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வெளிநாட்டுப் பிரபலங்களைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இந்திய ஓபன் கோப்பையும் அவருக்கே!

பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கும் அந்த ரகம். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குப் போனபோது உலக வரிசையில் அவருக்கு 200-வது இடம். மட்டைப் பையைச் சுமந்து வந்தவர் யார் தெரியுமா? அவருடைய தாயார்! மற்ற பெண்கள் அடித்த பந்து அவருடைய பந்தைத் தாண்டிப் பல கஜம் முன்னால் போய் விழுந்தது. கிரீனுக்கு வந்ததும் அதிதி அந்தக் கடனை எல்லாம் பட்டரால் அடைத்தார். நான்கு நாள் ஆட்டத்தில் முதல் மூன்று நாளும் பதக்க வரிசையில் இருந்தார். கடைசி நாள் அதிகாலையில், கோல்ப் என்றால் என்ன என்று தெரியாத வீடுகளில்கூட டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தார்கள். கடைசிக் குழியில் தூரத்தில் இருந்து அவர் தள்ளிய பந்து குழியில் விழாமல் போயிற்று. 60 பேரில் நான்காவது இடம். ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று.

கை வெட்டி இழுத்த மனிதர்

பட்டர் பிடிப்பவர்களை ஒரு நோய் பிடிப்பது உண்டு. அதற்கு "யிப்ஸ்" என்று பெயர். சாம்பியனாக இருப்பார். திடீரென்று ஒரு நாள், மூன்றடிப் பந்தைத் தள்ளப் போகும்போது கை தானாகவே வெட்டி இழுக்கும். பந்து எங்கேயோ ஓடும். அதனால் ஆட்டத்தையே விட்டவர்கள் உண்டு.

ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு அது வந்தது. ஒருமுறை அல்ல, பலமுறை! அவர் கொத்தனார் மகன். ஒன்பது வயதிலேயே கேடி வேலைக்குப் போனவர். யிப்ஸ் வந்ததும் அவர் மட்டையை வீசி எறியவில்லை. பிடியை மாற்றினார். இடது கையால் மட்டையைத் தாழ்வாகப் பிடித்தார். மட்டையின் மேல் பகுதியை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் கவ்விக்கொண்டார். எலும்பு முறிந்தவருக்குக் கட்டை வைத்துக் கட்டினது போல இருக்கும்! மணிக்கட்டு அசையவே வழியில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். பந்து குழியில் விழுந்தது.

1991-ம் ஆண்டு அமெரிக்காவில் கியாவா தீவில் ரைடர் கோப்பைப் போட்டி. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மூன்று நாள் யுத்தம். கடைசி நாள், கடைசி ஜோடி, கடைசிக் குழி. லாங்கருக்கு எதிரி அமெரிக்காவின் ஹேல் இர்வின். லாங்கர் ஆறடிப் பந்தைத் தள்ள வேண்டும். விழுந்தால் கோப்பை ஐரோப்பாவில் இருக்கும். பந்து போகும் வழியில் பூட்ஸ் ஆணி கிளப்பிய இரண்டு தடங்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி அவற்றைத் தட்டிச் சமன் செய்யக் கூடாது. (2019-ல்தான் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள்.)

தள்ளினார். தவறியது. பதினாலரைக்குப் பதின்மூன்றரை என்ற கணக்கில் அமெரிக்கா ஜெயித்தது. இத்தனை பெரிய பாரம் ஒரு தனி மனிதன் தலையில் விழுந்தது கோல்பில் அபூர்வம்.

அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு போட்டி. லாங்கர் அதற்குப் போனார். அங்கேயும் கடைசிக் குழியில் அவருக்காக ஒரு பந்து காத்திருந்தது. ஏறக்குறைய 15 அடி தூரம். தள்ளினார். விழுந்தது! சம நிலைக்கு வந்து, தனிப் போட்டியில் கோப்பையையும் வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, 1993-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் கோப்பையை இரண்டாம் முறையாக ஜெயித்தார். பிறகு மறுபடியும் கை தகராறு செய்தது. நெஞ்சு உயரத்துக்கு நீண்ட மட்டைக்கு மாறினார். மட்டையின் நுனியை உடம்பில் ஊன்றக் கூடாது என்று 2016-ல் புதுச் சட்டம் வந்தது. உடம்பில் படாமல் பிடிக்கப் பழகிக்கொண்டார்.

அமெரிக்காவில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு என்று தனிப் போட்டி வரிசை உண்டு. அதில் 45 வெற்றிகள் பெற்றுப் பல வருஷங்கள் சிகரத்தில் இருந்தவர் ஹேல் இர்வின். அதே இர்வின்தான்! 2023-ம் ஆண்டு ஜூலையில், தம்முடைய 65-வது வயதில், லாங்கர் 46-வது வெற்றியைப் பெற்று அவரைத் தாண்டினார்.